நூல் கட்டின கத்தரிக்காய்

பங்குனி கடைசி வாரம். வெயில் ஏறுறதுக்குள்ள காய் பறிச்சிடணும்னு காலையில ஆறு மணிக்கே நானும் வீட்டம்மாவும் கூடையோட கொல்லையில இறங்கிடுவோம். தையில போட்ட வெதையெல்லாம் இப்பதான் நல்லா காய்க்குது. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். ரெண்டு நாள் விட்டா நாராயிடும், நுனியை ஒடிச்சா ஒடியாது. சுரைக்காய்க்கு நகம் இறங்குதான்னு பாக்கணும். பீர்க்கை பந்தல்ல தொங்குது. கொத்தவரை மட்டும் பறிக்கப் பறிக்க வந்துகிட்டே இருக்கும், இடுப்பு ஒடிஞ்சிடும். மார்கழியில நாத்து விட்டு தையில நட்ட கத்தரி இப்ப நாலாவது பறிப்பு.

போன வாரம் சென்னையில இருந்து என் மகளோட வேலை பாக்குற ரெண்டு பேர் ஊரைப் பாக்க வந்திருந்தாங்க. பறிக்கும்போது கூடவே வந்தாங்க. கத்தரிச் செடியில சில காய்ல சிவப்பு நூல் கட்டி இருக்கிறதப் பாத்துட்டு, "அங்கிள், இது ஏன் பறிக்கல? முத்திப் போய் மஞ்சளாகுதே, வீணாகுதே"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. "அது வெதைக்கு விட்டதும்மா"ன்னு சொன்னேன். "விதை கடையில கிடைக்காதா?"ன்னு அடுத்த கேள்வி. அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல எனக்குத் தெரியல. கொஞ்சம் நீளமான கதை அது. அதைத்தான் இப்ப எழுதறேன்.

முதல்ல என் கூடையில இருக்கிற காய்களோட பூர்வீகத்தைச் சொல்லிடறேன். நான் பத்தாம் வகுப்புதான். இதெல்லாம் நூலகத்துல படிச்சும், பயிற்சிக்குப் போன இடத்துல கேட்டும் தெரிஞ்சுகிட்டது.

கத்தரி நம்ம மண்ணு பக்கத்துக் காய். வழுதுணங்காய்னு பழைய தமிழ்ல பேரு. ஔவையார் தனிப்பாட்டுல கூட அது வருது. பீர்க்கை, சுரை, பாகல் எல்லாம் சங்கப் பாட்டுலயே இருக்கு. பிரிவுல வாடுற பொண்ணோட நெத்தி பீர்க்கம்பூ மாதிரி மஞ்சளாச்சுன்னு புலவருங்க பாடியிருக்காங்க. சாயங்காலம் பீர்க்கம்பூ பூத்திருக்கும்போது பாத்தா அந்த உவமை எவ்வளவு சரின்னு தெரியும். சுரைக்காய் ஆப்பிரிக்காவுல பிறந்ததுன்னு சொல்றாங்க. ஆனா பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஆசியாவுக்கு வந்திடுச்சு. வெண்டைக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்காவா இந்தியாவான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் ஒரு முடிவுக்கு வரல.

மிளகாயும் தக்காளியும் அப்படியில்ல. ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் 1492ல அங்க போனதுக்கு அப்புறம்தான் மத்த உலகத்துக்கே அது தெரியும். வாஸ்கோடகாமா 1498ல கோழிக்கோட்டுல இறங்கினாரு, 1510ல போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடிச்சாங்க. அவங்க கப்பல்ல வந்த மிளகாய்க்கு நம்ம ஆளுங்க, மிளகு மாதிரி காரமா இருக்கிற காய்னு பேரு வச்சிட்டாங்க. தக்காளியை எங்க அப்பாயி கடைசிவரைக்கும் 'சீமைத் தக்காளி'ன்னுதான் சொல்லும். அது குழம்புக்குப் புளிதான் ஊத்தும். தக்காளி போட்டா "நோயாளிக் குழம்பு"ன்னு கேலி பண்ணும்.

ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி எங்கிருந்தோ வந்த மிளகாய் இன்னிக்கு ராமநாதபுரத்துல 'முண்டு'ன்னு தனி ரகமா நிக்குது. 2023ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. வேலூர் முள்ளு கத்தரிக்கும் அதே வருஷம்தான். இது எப்படி நடந்துச்சு? யாரோ ஒருத்தர் ஒவ்வொரு வருஷமும் நல்ல பழமா பாத்து, பறிக்காம விட்டு, வெதை எடுத்து வச்சாங்க. அடுத்த வருஷமும் எடுத்தாங்க. இருபது தலைமுறை அப்படிச் செஞ்சா அந்த ஊர் மண்ணுக்கும் தண்ணிக்கும் வாய்க்கும் ஏத்த மாதிரி ஒரு ரகம் வந்திடும். அந்த 'யாரோ ஒருத்தர்' யாருங்கறதுதான் விஷயம்.

நெல்லுக்கு வரலாறு இருக்கு. கல்வெட்டுல இருக்கு, கோயில் கணக்குல இருக்கு. நம்ம காலத்துலயே நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தினாரு. ரெண்டு கிலோ வெதைநெல் வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும்ங்கறது அவரு வச்ச ஏற்பாடு. அதனால எத்தனையோ ரகம் பொழச்சுது. காய்கறி வெதைக்கு அப்படி யாரும் கணக்கு எழுதல. ஏன்னா அது களத்துல இல்ல, அடுப்படியில இருந்துச்சு. ஆம்பளைங்க கையில இல்ல, பொம்பளைங்க கையில இருந்துச்சு.

எங்க ஊர் பெரம்பலூர் பக்கம். அப்ப இது திருச்சி மாவட்டம், 1995லதான் தனி மாவட்டமாச்சு. மானாவாரி பூமி. எங்க அப்பாயி வேப்பந்தட்டை பக்கத்துல இருந்து வாக்கப்பட்டு வந்தது. நாடு சுதந்திரம் வாங்குறதுக்கு அஞ்சாறு வருஷம் முன்னாடி. கல்யாணம் ஆன முதல் ஆடிக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க இல்லையா, அப்படிப் போய்த் திரும்பி வரும்போது அது முந்தானையில நாலு முடிச்சு போட்டுகிட்டு வந்துச்சாம். ஒண்ணுல கத்தரி, ஒண்ணுல பீர்க்கை, ஒண்ணுல அவரை, இன்னொண்ணுல சுரை. நகை என்னென்ன போட்டு அனுப்பினாங்கன்னு கேட்டா அதுக்கு ஞாபகம் இருக்காது. அந்த நாலு முடிச்சை மட்டும் சாகுறவரைக்கும் சொல்லிகிட்டு இருந்துச்சு.

அந்தக் கத்தரி நீட்டும் இல்ல, உருண்டையும் இல்ல. கோழிமுட்டையை விடக் கொஞ்சம் பெருசு. வெளிர் ஊதா, காம்புகிட்ட பச்சைக் கோடு. காம்புல சின்னதா முள்ளு. குழம்புல போட்டா கரையாது, ஆனா வாயில போட்டா வெண்ணெய். எங்க தெருவுல அதுக்குப் பேரே 'வேப்பந்தட்டையா கத்தரி'தான். அப்பாயியைத் தெருவுல 'வேப்பந்தட்டையா'ன்னுதான் கூப்பிடுவாங்க, அந்தப் பேரு கத்தரிக்கும் வந்திடுச்சு.

பாத்திரம் கழுவுற தண்ணியும் குளிக்கிற தண்ணியும் ஓடுற இடத்துலதான் கொல்லை. வயக்காட்டுல அப்ப மாடு கட்டிக் கவலை இறைச்சுகிட்டு இருந்தாங்க. அந்தத் தண்ணி சோளத்துக்கும் வெங்காயத்துக்குமே பத்தாது. காய்கறிக்குன்னு தனித்தண்ணி கிடையாது. அதனால எங்க வெதைங்க எல்லாமே அழுக்குத் தண்ணி குடிச்சு, நாலு நாள் தண்ணி இல்லாட்டியும் தாங்கிப் பழகினதுங்க.

அப்பாயி வெதை எடுக்கிறதப் பாத்தே நான் வளந்தேன். முதல் காய்ப்பையும் கடைசிக் காய்ப்பையும் வெதைக்கு விடாது, நடுக்காய்ப்புதான். அதுலயும் நோய் இல்லாத செடியா பாத்து நூல் கட்டும். ஒரே செடியில எடுக்காது, அஞ்சாறு செடியில ஒவ்வொண்ணு எடுக்கும். நூல் கட்டின காயை யாரும் தொடக்கூடாது. நான் ஏழெட்டு வயசுல ஒரு தடவை விளையாட்டா ஒண்ணைப் பறிச்சிட்டேன். அப்பாயி என்னை அடிச்சது அந்த ஒரு தடவைதான்.

கத்தரி நல்லா மஞ்சளாப் பழுத்ததும் பறிச்சு, மெத்துன்னு ஆகுறவரைக்கும் நாலஞ்சு நாள் நிழல்ல வைக்கும். அப்புறம் அறுத்துத் தண்ணியில பிசையும். சதையும் பொக்கும் மிதக்கும், நல்ல வெதை அடியில தங்கும். அதை அடுப்புச் சாம்பல்ல பிசறி, முறத்துல பரப்பி நிழல்ல காயவைக்கும். சுரையையும் பீர்க்கையையும் கொடியிலேயே விட்டுடும். குலுக்கினா கலகலன்னு சத்தம் வரணும், அப்பதான் பறிக்கும். பூசணி வெதையைச் சாணியில பொதிஞ்சு வறட்டி மாதிரி சுவத்துல அப்பி வைக்கும். கத்தரி வெதை துணி முடிச்சுல கட்டி, சுரைக்குடுக்கையில போட்டு, அடுப்புக்கு மேல பரண்ல தொங்கும். வருஷம் முழுக்கப் புகை படும். பூச்சி கிட்ட வராது, ஈரமும் தங்காது.

அப்பாயி 1993ல தவறிப்போச்சு. கொல்லையை அம்மா பாத்துகிட்டாங்க. பரண்ல குடுக்கை தொங்கிகிட்டுதான் இருந்துச்சு.

இனிமே என் பங்கு வருது. இதை மறைக்காம எழுதணும்னுதான் உக்காந்தேன்.

1966ல விதைச் சட்டம் வந்துச்சு. அப்ப நெல்லு, கோதுமை பக்கம்தான் அரசாங்கத்தோட கவனம். காய்கறி வெதை பெருசா மாறினது 1988க்கு அப்புறம். அந்த வருஷம் வந்த புது விதைக் கொள்கையில வெளிநாட்டுக் காய்கறி வெதையை இறக்குமதி பண்ண வழி விட்டாங்க. தனியார் கம்பெனிங்க நிறைய வந்தாங்க. அதோட அலை எங்க டவுன் கடைக்கு வந்து சேர ஏழெட்டு வருஷம் ஆச்சு. 1997ல ஒரு கடையில பளபளன்னு ஒரு பாக்கெட்டைக் காட்டினாங்க. வீரிய ஒட்டு ரகம், எங்க பாஷையில ஐபிரிட். பத்து கிராம்தான். விலையைக் கேட்டா தலை சுத்துச்சு. ஆனாலும் வாங்கினேன். அப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு, போர்ல தண்ணி இருந்துச்சு, கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. நாலு காசு பாக்கணும்.

பொய் சொல்லக்கூடாது, நல்லா காய்ச்சுது. எல்லாக் காயும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே நிறம். மண்டியில நல்ல விலை வச்சாங்க. அரை ஏக்கர்ல வந்த காசுல அம்மா கம்மலை மீட்டேன். ஐபிரிட்டைக் குறை சொல்றவங்க இதையும் சேத்துச் சொல்லணும். அன்னிக்கு அது எங்களுக்குச் சோறு போட்டுச்சு.

அடுத்த வருஷம் பாக்கெட்டுக்குக் காசு எதுக்குக் குடுக்கணும்னு, அப்பாயி பண்ண மாதிரியே நல்ல பழமா பாத்து வெதை எடுத்து விதைச்சேன். காய் வந்தப்ப தலையில கை வச்சு உக்காந்துட்டேன். ஒண்ணு உருண்டை, ஒண்ணு நீட்டம். ஒண்ணு கருப்பு, ஒண்ணு பச்சை. பாதிச் செடியில காயே இல்ல. மண்டியில கூடையோட திருப்பி அனுப்பிட்டாங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போனேன். அவரு சிரிச்சுகிட்டே, "இதுல வெதை எடுக்கக்கூடாதுண்ணே, வருஷா வருஷம் வாங்கணும்"னாரு.

காரணம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. இன்னிக்குச் செக் நாடுன்னு சொல்ற இடத்துல மெண்டல்னு ஒரு பாதிரியார், மடத்துத் தோட்டத்துல பட்டாணியை வச்சு எட்டு வருஷம் சோதனை பண்ணி 1866ல எழுதி வச்சிட்டாரு. ரெண்டு வேற வேற ரகத்தைச் சேத்தா முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளைங்களுக்குப் பிறக்குற பேரப்பிள்ளைங்கதான் தாத்தா குணம், பாட்டி குணம்னு பிரிஞ்சு போகும். கடையில வித்தது அந்த முதல் தலைமுறை. நான் எடுத்து விதைச்சது பேரப்பிள்ளைங்க. இதுல மோசடி இல்ல, அது இயற்கை. ஆனா வெதைக்கு வருஷா வருஷம் கடை வாசல்ல நிக்கணும்ங்கறது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.

அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்? பரண்ல இருந்த குடுக்கையை இறக்கியிருக்கணும். செய்யல. பக்கத்துக் கடையில வேற பாக்கெட் வாங்கினேன். கொல்லையிலயும் அதையே நட்டோம், மிஞ்சின நாத்தை எதுக்கு வீணாக்கணும்னு. அம்மா ஒண்ணு ரெண்டு தடவை, "வேப்பந்தட்டையா கத்தரியை ஒரு பாத்தியாவது போடுறா, வெதை கெட்டுப்போவுது"ன்னு சொன்னாங்க. ஆகட்டும் ஆகட்டும்னேன். கத்தரி வெதை நல்லா காஞ்சு பத்திரமா இருந்தாலே நாலஞ்சு வருஷம்தான் தாங்கும். அது என் சௌகரியத்துக்குக் காத்துகிட்டு இருக்காது.

2004ல ஓட்டு வீட்டைப் பிரிச்சு தளம் போட்டோம். கேஸ் அடுப்பு வந்துச்சு. பரண் இடிக்கும்போது புகை படிஞ்ச குடுக்கைங்க எல்லாம் கீழ விழுந்துச்சு. வேலைக்கு வந்த ஆள் ஒருத்தர், "இதெல்லாம் வேணுமா?"ன்னு கேட்டாரு. நான் பாக்கக்கூட இல்ல, "குப்பையில போடுங்க"ன்னுட்டேன். அதுல அவரை, சுரை, பீர்க்கை, கத்தரி எல்லாமே இருந்துச்சு. அறுபது வருஷத்துக்கு மேல ரெண்டு பொம்பளைங்க காப்பாத்தினதை நான் ஒரு வார்த்தையில முடிச்சுட்டேன். அம்மா அன்னிக்கு ஒண்ணும் பேசல. அடுத்த வருஷம் அவங்களும் போய்ட்டாங்க.

2010 ஆரம்பத்துல பேப்பரைத் திறந்தா கத்தரிக்காய் செய்திதான். மரபணு மாத்தின பி.டி. கத்தரியை விடலாமா வேண்டாமான்னு நாடு முழுக்கப் பேச்சு. பிப்ரவரி 9ந் தேதி, அப்ப சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வச்சாரு. கத்தரிக்கு இந்தியாதான் தாய்வீடு, ஊருக்கு ஊர் ஒரு ரகம் இருக்குன்னு அப்ப எழுதினாங்க. டீக்கடையில அதைப் படிச்சிட்டு, எங்க ஊர் ரகம் எங்கன்னு என்னை நானே கேட்டுகிட்டேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்தக் குடுக்கை கீழ விழுந்த சத்தம்தான் காதுல.

தெருவுல தேடினேன். எல்லார் வீட்டுலயும் தளம், எல்லார் வீட்டுலயும் பாக்கெட். அப்பாயியோட பிறந்த வீட்டுக்குப் போனேன், அந்தக் குடும்பமே திருப்பூர் போயிருச்சு. அப்புறம்தான் எங்க வீட்டம்மா கேட்டா, "உங்க அத்தைகிட்டக் கேட்டீங்களா?"

அப்பாவோட கூடப்பிறந்த அத்தை. அரியலூர் பக்கத்துல வாக்கப்பட்டது. நான் பைக்கை எடுத்துகிட்டு போனேன். கொல்லைக்குள்ள நுழைஞ்ச உடனே கண்ணுல பட்டுடுச்சு. வெளிர் ஊதா, பச்சைக் கோடு, காம்புல முள்ளு. அத்தையும் முதல் ஆடிக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பும்போது முடிச்சு போட்டுகிட்டு போயிருக்கு. யாரும் சொல்லித் தரல, அவங்க அம்மா செஞ்சதை இதுவும் செஞ்சிருக்கு.

"ஏன்டா, உங்க வீட்டு வெதைக்கு எங்கிட்ட வந்து நிக்கிற?"ன்னு அத்தை கேட்டுச்சு. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைத் திட்டிச்சு. அப்புறம், "வெதை கேட்டு வெறுங்கையோடயா வந்த? வெதையைக் காசுக்கும் குடுக்கக்கூடாது, சும்மாவும் குடுக்கக்கூடாது. போய் ஒரு படி தானியம் கொண்டா"ன்னுடுச்சு. விளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நினைச்சேன். இல்ல. மறுபடி முப்பது மைல் வீட்டுக்கு வந்து, மறுநாள் ஒரு படி கம்பு கொண்டு போய்க் குடுத்தேன். அப்பதான் முடிச்சை அவுத்து ஒரு சிட்டிகை வெதை என் உள்ளங்கையில வச்சுச்சு. எண்ணிப் பாத்தேன், நாப்பத்தி மூணு. முப்பத்தொண்ணு முளைச்சுது.

கத்தரி வந்திடுச்சு. பீர்க்கையும் சுரையும் பக்கத்து ஊர்ல கிடைச்சுது, ஆனா அப்பாயியோடது இல்ல. அந்த அவரை மட்டும் வரவே இல்ல. பட்டையில சிவப்பு ஓரம் இருக்கும். இன்னிக்கும் சந்தைக்குப் போனா அவரைக்காய்க் குவியலைக் கிளறிப் பாக்குறேன்.

அத்தை 2019ல போயிடுச்சு. அவங்க கொல்லை இருந்த இடத்துல இப்ப வீடு. அப்படின்னா இந்தக் கத்தரி எனக்குத் தெரிஞ்சவரைக்கும் எங்க கொல்லையில மட்டும்தான் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி நாலு செடியில காய் கருநீலமா வந்துச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. வேலிக்கு அந்தப்பக்கம் பங்காளி ஐபிரிட் கத்தரி போட்டிருந்தாரு. கத்தரி பெரும்பாலும் தன் பூவுலயே தானே சேந்துக்கும். ஆனா தேனீ, வண்டு வந்தா அடுத்த வீட்டு மகரந்தமும் வந்திடும். அந்த நாலையும் வேரோட பிடுங்கினேன். பங்காளியைப் போடாதேன்னு சொல்ல முடியுமா? அவருக்கும் குடும்பம் இருக்கு, 1997ல நான் பண்ணதைத்தானே அவரு பண்றாரு.

இப்ப பழைய கொசுவலையை வெட்டிச் சின்னச் சின்னப் பையா தச்சு, பூ விரியுறதுக்கு முன்னாடியே வெதைக்குன்னு வச்ச மொட்டுல மாட்டிடுறோம். காலையில செடியை லேசா ஆட்டிவிட்டா மகரந்தம் கொட்டிக் காய் பிடிச்சுக்கும். பிடிச்சதும் பையை எடுத்துட்டு, அடையாளத்துக்குச் சிவப்பு நூல். அந்தப் பொண்ணு பாத்தது அந்த நூலைத்தான். இந்த வருஷம் எட்டு செடியில நூல் கட்டினேன். மூணைக் காய்ப்புழு துளைச்சிடுச்சு. மீதி அஞ்சு பழுத்துகிட்டு இருக்கு. ஒரு பழத்துலயே நூத்துக்கணக்குல வெதை இருக்கும், அஞ்சு பழம் போதும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சிலர் கேக்குறாங்க. 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்துல, விவசாயி தன் வெதையை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், பகிர்ந்துக்கலாம், விக்கவும் செய்யலாம்னு இருக்கு. கம்பெனி பேரு போட்ட பாக்கெட்டா விக்கக்கூடாது, அவ்வளவுதான். உரிமை இருக்கு. எடுத்து வைக்கத்தான் ஆள் இல்ல.

வந்திருந்த பொண்ணு ஊருக்குக் கிளம்பும்போது, மொட்டை மாடியில தொட்டி வச்சிருக்கேன், கொஞ்சம் வெதை தருவீங்களான்னு கேட்டுச்சு. என் மகள் கேட்டதில்ல, இது கேட்டுச்சு. பழுத்ததும் எடுத்து, சாம்பல்ல பிசறி, காயவச்சு, ஆடிக்குள்ள மகள்கிட்டக் குடுத்து அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். மகளுக்கும் சேத்து ரெண்டு முடிச்சு. பக்கத்துல வேற கத்தரி இல்லாத மாடியா இருந்தா இன்னும் நல்லது. ஒரு இடத்துக்கு ரெண்டு இடமா இருந்தா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

ஒரு படி தானியம் கொண்டு வரணும்னும் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. நான் அன்னிக்கு நினைச்ச மாதிரியே, விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சிருக்கும்.